இறால் குளத்தில் பச்சைக் கொலனி ஏறுது: மருந்தா, நல்ல பற்றீரியாவா?

உப்பாற்றுக்கரை (பனிச்சங்கேணிப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். விபரத்தை முதல்ல போடுறன், கேள்வி கடைசியில.

குளம் 1 ஏக்கர், சராசரி ஆழம் 1.2 மீற்றர். புலி இறால், 40,000 குஞ்சு விட்டது, இண்டைக்கு 48ஆம் நாள். உப்பு 14. பி.எச். விடிய 7.8, பின்னேரம் 8.9. காரத்தன்மை 85. மொத்த அமோனியா 0.8. விடிய 5 மணிக்கு அடியில ஒட்சிசன் 3.1. தண்ணி கடும் பச்சை, செக்கித் தட்டு (தண்ணியின்ட தெளிவு பார்க்கிற வட்டத் தட்டு) 22 சென்ரிமீற்றரில மறையுது. ஒரு எச்.பி. பெடல்வீல் (தண்ணியில காத்துக் கலக்கிற சக்கரம்) 2 ஓடுது. தீன் நாளைக்கு 16 கிலோ, நாலு தரமாக. இறால் சராசரி 5 கிறாம்.

ரி.சி.பி.எஸ். தட்டில (விப்ரியோ எண்ட பற்றீரியாவை வளர்த்து எண்ணுற அகார்த் தட்டு; பற்றீரியா பெருகி வாற ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொலனி) 0.1 மில்லி குளத்துத் தண்ணி நேரடியாகப் பரப்பினது:
34ஆம் நாள்: மஞ்சள் 62, பச்சை 3
41ஆம் நாள்: மஞ்சள் 118, பச்சை 9
48ஆம் நாள்: மஞ்சள் 176, பச்சை 41

இறால் இன்னும் சாகல்ல. குடல் நிறைஞ்சுதான் கிடக்கு. பச்சையை எப்பிடி இறக்குறது? மருந்து அடிக்கிறதா, நுண்ணுயிர்க் கலவை விடுறதா?

அகார்த்தட்டு

முதலில் எண்ணைச் சரியாக வாசிப்போம். 0.1 மில்லி பரப்பியதால் ஒவ்வொரு கொலனியையும் பத்தால் பெருக்க வேண்டும். ஆக மில்லிலீற்றருக்கு மஞ்சள் 1,760, பச்சை 410. பண்ணைகளில் வழக்கமாக வைக்கும் கோடு மொத்த விப்ரியோ 1,000க்குக் கீழ், பச்சை 100க்குக் கீழ். 10,000ஐத் தொட்டால் ஆபத்து. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். பயப்பட வேண்டியது 410 என்ற எண்ணுக்கு அல்ல, 3, 9, 41 என்று போகும் வேகத்துக்கு. வாரத்துக்கு மூன்று மடங்கு, பிறகு நாலரை மடங்கு.

ஆனால் எண்ணை நம்புவதற்கு முன் தட்டை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். நாலு கேள்வி:

எத்தனை மணித்தியாலத்தில் எண்ணினீர்கள்? 18 முதல் 24க்குள் எண்ண வேண்டும். அதற்கு மேல் விட்டாலோ, பிறகு எண்ணலாம் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ மஞ்சள் கொலனி மெல்லப் பச்சைக்குத் திரும்பும். சீனி தீர்ந்து அமிலம் குறைந்ததும் நிறம் மாறும், பற்றீரியா மாறாது. பாதிப் பண்ணைகளின் "பச்சை ஏறிட்டு" என்ற கூக்குரல் இங்கேதான் பிறக்கிறது.

நீரை எங்கே எடுத்தீர்கள்? கரையோரம் ஒரு போத்தல் என்றால் அது கரையின் கணக்கு. நாலு பக்கமும் நடுவும், மேற்பரப்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே, எடுத்து ஒன்றாகக் கலந்து அதிலிருந்து 0.1 மில்லி.

ஐஸில் புதைத்துக் கொண்டுபோனீர்களா? விப்ரியோவுக்குக் கடும் குளிர் ஆகாது. உயிர் இருக்கும், தட்டில் முளைக்காது. எண் பொய்யாகக் குறையும். ஐஸுக்கும் போத்தலுக்கும் இடையில் பத்திரிகைத் தாள் சுற்றி, ஆறு மணித்தியாலத்துக்குள் பரப்ப வேண்டும்.

அகாரை அழுத்தச் சட்டியில் அவித்தீர்களா?

உப்பாற்றுக்கரை

22 மணித்தியாலத்தில எண்ணினது. நாலு மூலை, நடு. ஐஸ் இல்ல, தட்டு பண்ணையிலேயே போடுறது. கடைசிக் கேள்விக்குப் பதில்: ஓம், குக்கரில 15 நிமிசம் அவிச்சது. பிழையா?

அகார்த்தட்டு

பிழை. ரி.சி.பி.எஸ். அகாரை அழுத்தத்தில் அவிக்கக் கூடாது. சூடு கூடினால் மற்றப் பற்றீரியாவை அடக்கும் அதன் தெரிவுத் தன்மை கெடும், நிறமும் ஒழுங்காகக் காட்டாது. 100 மில்லி வடிநீருக்கு 8.9 கிறாம் தூள். கலக்கிக் கலக்கிக் கொதிக்க வைத்து, அடியில் ஒரு துகளும் இல்லாமல் கரைந்ததும் இறக்குங்கள். கையில் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, கிட்டத்தட்ட 45 முதல் 50 பாகைக்கு, வந்ததும் தட்டுக்கு 15 முதல் 20 மில்லி ஊற்றுங்கள். இந்த அளவில் ஐந்து, ஆறு தட்டு வரும். ஆறியபின் மூடியைச் சற்றுத் திறந்து 15 நிமிடம் மேற்பரப்பைக் காயவிடுங்கள். ஈரம் நின்றால் கொலனிகள் ஓடி ஒன்றோடொன்று ஒட்டும், எண்ண முடியாது.

வடிநீருக்குப் பற்றரிக் கடையில் வாங்குவதாக இருந்தால் போத்தலைப் பார்த்து வாங்குங்கள். அமிலம் கலந்ததும் அதே மாதிரிப் போத்தலில்தான் வரும்.

0.1 மில்லி அளக்கப் பிப்பெற்று இல்லையென்றால் 1 மில்லி சிறிஞ் போதும், புதிதாகப் பிரித்தது. அடைகாப்பானும் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கோடையில் அறைச் சூடே 30 பாகை. தட்டைத் தலைகீழாக றெஜிபோம் பெட்டியில் வைத்து மூடினால் சரி. மாரியில் மட்டும் பெட்டிக்குள் சின்ன இழைக் குமிழ் ஒன்றும் வெப்பமானியும் வேண்டும்.

ஒரு தட்டில் 30க்கும் 300க்கும் இடையில் கொலனி இருந்தால்தான் எண் பெறுமதியானது. உங்கள் 176 நல்ல எண். 34ஆம் நாளின் பச்சை 3 வெறும் தடயம். 3 என்பது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். ஆகையால் "மூன்று மடங்கு" என்று நான் மேலே சொன்னதையே கொஞ்சம் தளர்த்தி வாசியுங்கள். ஒரு நீருக்கு இரண்டு தட்டு போட்டுச் சராசரி எடுங்கள்.

கல்முனைக் கரை

தம்பி, எண்ணிக்கிட்டு இருந்தா இறால் போயிரும். பி.கே.சி. (பென்சல்கோனியம் குளோரைட், கிருமி கொல்லுற மருந்து) ஒரு லீற்றர், ரெண்டு லீற்றர் அடிங்க, இல்லாட்டி அயடின். ரெண்டு நாளில தட்டு வெளுத்திரும். மறுகா பார்க்கலாம்.

திருக்கோவில் பரப்பு

> ரெண்டு நாளில தட்டு வெளுத்திரும்

நானா, வெளுக்கும். அதுல சந்தேகம் இல்ல. நாலாம் நாள் தட்டு என்ன சொல்லும் எண்டதுதான் விசயம்.

செக்கி 22 எண்டா இந்தத் தண்ணி முழுக்கப் பாசி. பி.கே.சி. விப்ரியோவை மட்டும் தேடிப்போய்க் கொல்லாது, பாசியையும் சேர்த்துக் கொல்லும். செத்த பாசி அடியில இறங்கும், அதை உடைக்க ஒட்சிசன் போகும். விடிய 3.1 இருந்தது 1.5க்குப் போனா இறால் கரையில தலை தூக்கும். செத்த பாசி விப்ரியோக்கு விருந்து. நல்ல சூடும் ஊட்டமும் கிடைச்சா அது அரை மணித்தியாலத்துக்குள்ளேயே இரட்டிக்கும். போட்டிக்கு நிண்ட மத்தப் பற்றீரியாவை நீங்களே துடைச்சுக் குடுத்தாச்சு. வெறும் வளவில முதல்ல முளைக்கிறது களைதான், நெல்லு இல்ல.

இறால் உள்ள குளத்துக்குக் குளோரின் பேச்சே வேணாம். குளோரினுக்கு ஒரு இடம் இருக்கு: தண்ணி குளத்துக்குள்ள வர முன்னம், சேமிப்புக் குளத்தில.

புதுக்குளம்

சேமிப்புக் குளத்துக்கு எவ்வளவு குளோரின் எண்டு யாராவது கணக்கோட சொல்லுங்க. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்றாங்க.

திருக்கோவில் பரப்பு

ஒவ்வொருத்தர் ஒவ்வொரு தூளை வச்சுச் சொல்றதாலதான். கிணத்துக்குப் போடுற ரி.சி.எல். தூளில குளோரின் 30 வீதம் சொச்சம். மற்ற கல்சியம் ஹைப்போகுளோரைட் 65. ரெண்டையும் ஒரே கிலோவில போட்டா ஒண்டு பாதி வேலைதான் செய்யும்.

கணக்கு: கன மீற்றரை வேண்டிய பி.பி.எம்.மால (பத்து இலட்சத்தில எத்தனை பங்கு எண்ட அளவு) பெருக்கி, வீதத்தின் பத்து மடங்கால வகுக்கணும். வாறது கிலோ. மேல உள்ள குளத்தின்ட அளவில ஒரு சேமிப்புக் குளம் எண்டு வைங்க: 1 ஏக்கர், 1.2 மீற்றர், கிட்டத்தட்ட 4,850 கன மீற்றர். 20 பி.பி.எம். போட, 65 வீதத் தூள் எண்டா 4,850 × 20 ÷ 650 = 149 கிலோ. 30 வீத ரி.சி.எல். எண்டா 323 கிலோ. பழைய சாக்கு, ஈரம் பட்டது எண்டா அந்த 30உம் இருக்காது.

ஒழுங்கு இதுதான். பம் வாயில 300 மைக்ரோன் பை, அதுக்கு வெளியால 150 மைக்ரோன் பை. தண்ணியை நிரப்பி மூணு நாள் அசையாம விடணும். மண்ணும் செத்தையும் அடையணும், இல்லாட்டிக் குளோரின் அதையே எரிச்சுத் தீர்ந்து போகும். மீன் முட்டை, நண்டுக் குஞ்சு பொரிக்கிறதுக்கும் அந்த மூணு நாள் வேணும். முட்டைக்குள்ள இருக்கிறதை மருந்து தொடாது. நாலாம் நாள் பொழுதுபட்ட பிறகு போடணும், வெயில் குளோரினைத் தின்னும். தூளைப் பிளாஸ்ரிக் வாளியில கரைச்சு, தெளிவை விசுறணும். அண்டைக்கு முன்னம் சுண்ணாம்பு போடவே கூடாது. பி.எச். ஏற ஏற குளோரின்ட கொல்லுற பலம் இறங்கும். நிறையப் பேர் சுண்ணாம்பும் குளோரினும் ஒரே நாளில போட்டுட்டுத் தூள் சரியில்ல எண்டு கடைக்காரனோட சண்டை பிடிக்கிறாங்க.

மறுகா மூணு, நாலு நாள் வெயிலும் பெடல்வீலும். குளோரின் மிச்சமா எண்டு பார்க்கிற துளி மருந்தை விட்டா மஞ்சள் தெரியக் கூடாது. அவசரம் எண்டா சோடியம் தயோசல்பேற்று, மிச்சக் குளோரின் ஒரு பி.பி.எம்.முக்கு 7 பி.பி.எம்.; இந்தக் குளத்துக்கு 34 கிலோ. பொறுமை இதைவிட மலிவு.

அகார்த்தட்டு

அதோடு ஒன்று. குளோரின் அடித்த நீர் இரண்டாம் நாள் தட்டில் பூச்சியமாக இருக்கும், ஐந்தாம் நாள் பெரும்பாலும் விப்ரியோவே நிறைந்திருக்கலாம். சேமிப்புக் குளத்து நீரைக் குளோரின் போன உடனே இறாலுக்கு விடாமல், நல்ல பற்றீரியாவும் பாசியும் குடியேற ஒரு வாரம் கொடுங்கள். இரண்டு தட்டும் சேர்த்துப் போடுங்கள்: ஒன்று ரி.சி.பி.எஸ்., மற்றது 1.5 வீதம் உப்புச் சேர்த்த சாதாரண ஊட்ட அகார் (அதை அழுத்தத்தில் அவிக்கலாம், அவிக்கவும் வேண்டும்). மொத்தப் பற்றீரியா 50,000 இருக்கும் நீரில் விப்ரியோ 1,000 என்பதும், மொத்தம் 2,000 இருக்கும் நீரில் விப்ரியோ 1,000 என்பதும் ஒன்றல்ல. என் கணக்கில் இரண்டாவதுதான் ஆபத்தான நீர், எண் ஒன்றாக இருந்தாலும்.

உப்பாற்றுக்கரை

சரி, மருந்து இல்ல எண்டு முடிவு. கடையில வாங்கின பசிலஸ் (நல்ல பற்றீரியா) தூள் இருக்கு, கிறாமுக்கு 100 கோடி எண்டு பையில எழுதி இருக்கு. அரைக் கிலோ வாரத்துக்கு ஒருக்கா நேரா விசுறி வாறன். அது காணாதா?

அகார்த்தட்டு

பையில் எழுதியது உண்மை என்றே வைத்துக் கணக்குப் பாருங்கள். 500 கிறாம் × 100 கோடி = 50,000 கோடி. குளத்தில் இருப்பது 485 கோடி மில்லிலீற்றர் நீர். வகுத்தால் மில்லிலீற்றருக்கு 103. அங்கே விப்ரியோ 2,170. நீங்கள் நூறு பேரை அனுப்பி இரண்டாயிரம் பேருடன் போட்டிபோடச் சொல்கிறீர்கள். அவை வித்துகள் வேறு. விழித்தெழ நேரம் எடுக்கும்.

பெருக்கித்தான் விட வேண்டும். 200 லீற்றர் பரல், கிணற்று நீர். வாவி நீர் எடுத்தால் அதிலுள்ள விப்ரியோவையும் சேர்த்து வளர்த்துக் குளத்துக்குள் ஊற்றுவீர்கள். சலித்த தவிடு 5 கிலோ (உமி கலக்காதது), மொலாசஸ் 3 கிலோ, அப்பச் சோடா 200 கிறாம், தூள் 500 கிறாம். அடியில் காற்றுக் கல் இரண்டு, ஓயாமல் 24 மணித்தியாலம். பசிலஸுக்குக் காற்று வேண்டும். காற்று நின்ற பரலில் வேறு ஏதோதான் வளரும். நன்றாக வந்தால் மில்லிலீற்றருக்கு 10 கோடி வரை போகும், அப்போது குளத்தில் மில்லிலீற்றருக்கு 4,000 சொச்சம் விழும். இப்போது சம பலம்.

பரலிலிருந்து 0.1 மில்லி எடுத்து ரி.சி.பி.எஸ்.இல் பரப்புங்கள். ஒரு கொலனி வந்தாலும் அடுத்த பரலுக்கு முன் எல்லாவற்றையும் குளோரினால் கழுவுங்கள். மணம் புளிப்பும் இனிப்புமாக இருக்க வேண்டும். அழுகல் மணம் வந்தால் வயலுக்கு ஊற்றுங்கள், குளத்துக்கு அல்ல.

விடும் நேரம் காலை 9, 10 மணி, பெடல்வீல் ஓடும்போது. பொழுதுபட்டு விட்டால் இரவு ஒட்சிசனை அவையே குடித்துவிடும்.

கல்முனைக் கரை

மொலாசஸைக் குளத்துக்கே நேரா விட்டா என்ன? அமோனியாவும் இறங்கும், நல்ல பற்றீரியாவும் ஏறும் எண்டுதானே எல்லாரும் செய்றாங்க.

திருக்கோவில் பரப்பு

அளவு பார்க்காம செய்றாங்க நானா. அமோனியா நைதரசன் ஒரு கிலோவைப் பற்றீரியா உடம்பாக்க மாச்சத்தோ சீனியோ 20 கிலோ வேணும். 0.8 பி.பி.எம். எண்டா இந்தக் குளத்தில 3.9 கிலோ. 78 கிலோ சீனி, மொலாசஸில பாதிதான் சீனி, ஆக 155 கிலோ. ஒரே நாளில ஊத்தினா அடுத்த விடிய இறாலை வலையால அள்ளலாம், செத்த இறால். ஊத்துறதெண்டா நாளைக்குப் பத்துக் கிலோ, காலையில, விடிய ஒட்சிசன் 4க்கு மேல இருந்தா மட்டும். இந்தக் குளத்தில 3.1. இப்ப ஒரு சொட்டும் வேணாம்.

இன்னொண்டு, சீனி விப்ரியோக்கும் பிடிக்கும். தட்டில மஞ்சளா வாறவன் யார்? சீனி தின்னத் தெரிஞ்சவன்தான் மஞ்சள்.

வாழைச்சேனை வாடை

எல்லாரும் மேலேயே நிக்கிறீங்க. முதல் பதிவை ஒருக்கா திருப்பி வாசியுங்க. தீன் 16 கிலோ.

40,000 குஞ்சில 80 வீதம் தப்பினதெண்டு தாராளமா வைப்பம். 32,000 இறால், சராசரி 5 கிறாம், 160 கிலோ. 5 கிறாம் புலி இறாலுக்கு உடல் எடையில 5, 5.5 வீதம் தீன். அது 8, 9 கிலோ. நீங்க போடுறது 10 வீதம். நாளைக்கு 7 கிலோ தீன் யாருக்கு?

38 வீதப் புரதத் தீன் எண்டா 16 கிலோவில நைதரசன் ஒரு கிலோ கிட்ட. இறால் உடம்பில தங்கிறது நாலில ஒரு பங்கு. மிச்சம் தினமும் தண்ணிக்கு. அதுதான் கடும் பச்சை, அதுதான் பின்னேரம் 8.9, அதுதான் விடிய 3.1. எடை 160 கிலோவுக்கு ரெண்டு எச்.பி. பெடல்வீல் தாராளம், ஒரு எச்.பி. 400 கிலோ தாங்கும். ஒட்சிசனைத் தின்னுறது இறால் இல்ல, பாசியும் சேறும்.

குடல் நிறைஞ்சு கிடக்கு எண்டு எழுதி இருக்கீங்க. நிறையும், ஏன் நிறையாது. தீன் தட்டில என்ன மிச்சம் எண்டு எழுதல்ல.

உப்பாற்றுக்கரை

கம்பனி அட்டவணையைப் பார்த்துத்தான் போட்டது. அது 100 வீதம் தப்பினதெண்டு கணக்கு, எடையும் 8 கிறாம் எண்டு போட்டிருக்கு. தீன் தட்டு ரெண்டு இருக்கு. ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கொஞ்சம் கிடக்கும்.

வாழைச்சேனை வாடை

"கொஞ்சம்" எண்டதுதான் உங்கட பச்சைக் கொலனி.

ஏக்கருக்கு நாலு தட்டு போடுங்க, அதில ஒண்டு பெடல்வீலுக்கு எதிர்ப்பக்கம், நீரோட்டம் ஓயிற இடத்தில. ஒரு நேரத் தீன்ல கிலோவுக்கு 5 கிறாம் கணக்கில தட்டுக்கு எடுத்து, ரெண்டு மணித்தியாலத்தில தூக்குங்க. வெறுமையா இருந்தா அடுத்த நாள் அஞ்சு வீதம் கூட்டலாம். துகள் கிடந்தா பத்து வீதம் குறைக்கணும். இண்டைக்கு நேரா 9 கிலோவுக்கு இறக்குங்க, பயப்படாதீங்க, மூணு நாளில இறால் மெலியாது. தட்டைக் கழுவி வெயிலில காயப் போடுங்க. வழுவழுப்போட தண்ணியில கிடக்கிற தட்டே விப்ரியோப் பண்ணைதான்.

அகார்த்தட்டு

ஒத்துக்கொள்கிறேன். அகார்த் தட்டைப் பற்றியே பேசித் தீனைக் கவனிக்காமல் விட்டேன்.

அமோனியாவையும் பின்னேர பி.எச். உடன் சேர்த்து வாசியுங்கள். 0.8இல் காலை 7.8இல் நச்சு வடிவம் இருபதில் ஒரு பங்கு. பின்னேரம் 8.9இல் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டும். காலையில் மட்டும் அளந்தால் ஒன்றும் இல்லை என்றே தெரியும். நாளுக்கு நாள் அந்தப் பின்னேரச் சூட்டில் இறாலின் செவுள் புண்படும், விப்ரியோவுக்கு வாசல் திறக்கும். செயோலைட்டு (அமோனியாவைப் பிடிக்கும் என்று விற்கும் கனிமத் தூள்) வாங்கிக் கொட்ட யாராவது சொல்வார்கள். உப்பு நீரில் சோடியம் அந்த இடத்தைப் பிடித்துவிடும், அமோனியாவை அது பிடிக்காது. காசுக்குக் கேடு.

காரத்தன்மை 85ஐ 110க்கு மேல் கொண்டுபோங்கள். பி.எச். 8.3க்கு மேல் இருக்கும் நீரில் விவசாயச் சுண்ணாம்பு கரையாது, அடியில் மாவாகக் கிடக்கும். அப்பச் சோடாதான். 10 பி.பி.எம். ஏற்ற இந்தக் குளத்துக்கு 81 கிலோ. விலை கூடத்தான், இரவில், இரண்டு நாளைக்கு ஒருக்கா, 40 கிலோவாகப் பிரித்துப் போடுங்கள்.

திருக்கோவில் பரப்பு

அடியையும் பாருங்க. பெடல்வீல் ரெண்டும் தண்ணியை ஒரே பக்கமாச் சுத்தினா ஊத்தை நடுவில குவியும். ஒரு பி.வி.சி. குழாயைக் குத்தி நடுச் சேற்றைத் தூக்குங்க. கறுப்பு, கூழ் முட்டை மணம் எண்டா ஐதரசன் சல்பைட். அங்க தீன் விழவே கூடாது. கரையிலிருந்து 2, 3 மீற்றர் தள்ளி வளையமா மட்டும் போடுங்க. சேற்றை உறிஞ்சு குழாயால எடுங்க, கொஞ்சம் கொஞ்சமா, பகலில, பெடல்வீல் ஓடக்க. அடிச் சேற்றைக் கிளறச் சங்கிலி இழுக்கிற ஆக்கள் இருக்காங்க. குஞ்சு விட முன்னம் இழுக்கலாம். 48ஆம் நாள் கறுப்புச் சேத்தில சங்கிலி இழுத்தா விசத்தைக் கலக்கி விடுற மாதிரி.

உரிச்ச கோதும் அங்கதான் சேரும். விப்ரியோ கோதில இருக்கிற கைற்றினைத் தின்னும், கோதில ஒட்டிக் கிடந்து பெருகும். அமாவாசை, பறுவம் ஒட்டி இறால் கூட்டமாச் சட்டை கழட்டும். அந்த மூணு நாள் தீனை இன்னும் குறைச்சு, உறிஞ்சுறதைக் கூட்டணும்.

புதுக்குளம்

பச்சை எண்டா அந்தத் திடீர்ச் சாவு நோய் எண்டு சொல்றாங்களே. ஒரு பச்சை வந்தாலே அறுவடை செய்யணுமா?

அகார்த்தட்டு

வேண்டாம். பச்சை என்பது "இவன் சீனி தின்னமாட்டான்" என்பது மட்டுமே. விப்ரியோ பராஹீமோலிற்றிக்கஸ் பச்சையாக வரும், ஆனால் அதில் பெரும்பாலானவை இறாலைக் கொல்லாதவை. முதல் 35 நாளுக்குள் குஞ்சுகளை அள்ளும் அந்த நோய் சீனாவில் 2009இல் தெரியவந்தது. காரணி 2013இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கொல்வது பிர்ஏ, பிர்பி என்ற இரண்டு நச்சுப் புரதங்கள். அவற்றின் மரபணு ஒரு பிளாஸ்மிட்டில் (பற்றீரியாவுக்குள் தனியே கிடக்கும் சிறு மரபணு வளையம்) இருக்கிறது, அது வேறு விப்ரியோவுக்கும் தாவும். நிறத்தில் தெரியாது, பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். மறுபக்கம், மஞ்சள் என்றால் நல்லது என்பதும் கட்டுக்கதை. இரவில் ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி மஞ்சளாகவும் வரும், பச்சையாகவும் வரும்.

ஒளிர்வைப் பார்க்க நிலா இல்லாத இரவில் விளக்கெல்லாம் அணைத்து, கண் பழக ஐந்து நிமிடம் நின்று, வாளி நீரைக் கையால் கலக்குங்கள். நீரில் மின்னுவது கடற் பாசியாகவும் இருக்கலாம். இறாலின் உடலே ஒளிர்ந்தால் அது பற்றீரியா. ஈரல் வெளிறிச் சுருங்குவது, குடல் நடுவில் அறுந்து தெரிவது, இவைதான் அறுவடையைப் பற்றிப் பேசவேண்டிய அறிகுறி.

கலக்கும் கையில் காயம் இருக்கக் கூடாது. பச்சையாக வரும் இன்னொன்று விப்ரியோ வல்னிபிக்கஸ், காயத்தால் ஏறி ஆளையே கொல்லக்கூடியது. சீனி வருத்தம், ஈரல் வருத்தம் உள்ளவர்கள் கையுறை இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். எண்ணி முடித்த தட்டுகளைக் குப்பையில் எறியாமல் குளோரின் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டுப் புதையுங்கள்.

வாழைச்சேனை வாடை

தண்ணி எடுக்கிறதைப் பத்தி ஒரு சொல். வேற நாட்டுக் கைநூல்களில "வற்றுப்பெருக்கு நேரத்தில 20 வீதம் மாத்து" எண்டு எழுதி இருக்கும். எங்கட கரையில பெருக்கு அரை மீற்றர் சொச்சம். முகத்துவாரம் மூடிக் கிடக்கிற கோடையில அதுவும் இல்ல. ஒருத்தன் வடிச்சது அடுத்தவன்ட பம் வாயில நிக்கும். மட்டக்களப்பு வாவி எண்டாலும் பனிச்சங்கேணி உப்பாறு எண்டாலும் இதுதான் கதை. பச்சை ஏறின நேரம் பக்கத்துப் பண்ணை தண்ணி வடிக்குதா எண்டு பாராம பம்மைப் போட்டா, அவன்ட விப்ரியோவையும் டீசல் செலவில வாங்குறீங்க.

மாரியில வேற வினை. மழை வந்து, வயல் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டினா உப்பு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. வயல், மாட்டுப் பட்டி, ஊர்க் கான் எல்லாம் கழுவின தண்ணி வாவியில. விப்ரியோ குறையலாம், மலப் பற்றீரியா ஏறும். வெட்டி ஒரு கிழமையாவது பம் வேணாம். குளத்தில பெரிய மழை விழுந்தா நல்ல தண்ணி மேல படையா நிக்கும். மதகின்ட மேல் பலகையைக் கழட்டி அதை வழிய விட்டு, பெடல்வீலை நிப்பாட்டாம ஓட்டுங்க. வரம்பில முதலே சுண்ணாம்பு தூவி வைங்க. வரம்பில மாடு கட்டுறது, கோழி எரு போடுறது ரெண்டும் வேணாம். வாங்குறவன் சல்மனெல்லா தேடுவான், 25 கிறாம் இறைச்சியில ஒண்டு கூட இருக்கக் கூடாது.

கல்முனைக் கரை

ஒத்துக்கிறன். பி.கே.சி. பேச்சை வாபஸ் வாங்கிட்டன். ஆனா பண்ணை மருந்துக் கடைக்காரன் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தீன் ஒண்டு காட்டினான், அதையும் சொல்லி வைங்க.

திருக்கோவில் பரப்பு

தொடவே வேணாம் நானா. குளோரம்பெனிக்கோல், நைற்றோபியூரான் எச்சம் துளி தெரிஞ்சாலும் ஏற்றுமதிப் பெட்டி திரும்பி வரும். அதோட அரைகுறையாக் குடுத்தா சாகாம மிஞ்சுற விப்ரியோ அந்த மருந்துக்குப் பழகினது. அடுத்த போகத்துக்கு அவனே விதை.

உப்பாற்றுக்கரை

62ஆம் நாள். தீன் 9 கிலோவில தொடங்கி, தீன் தட்டுப் பார்த்து இப்ப 11. பரல் கலவை மூணு நாளைக்கு ஒருக்கா, பரல் தட்டில பூச்சியம். நடுச் சேறு அஞ்சு தரம் உறிஞ்சினது. சேமிப்புத் தண்ணி 10 வீதம் ரெண்டு தரம். அகார் இந்த முறை குக்கரில அவிக்கல்ல, ரெண்டு தட்டுச் சராசரி.

55ஆம் நாள்: மஞ்சள் 151, பச்சை 38
62ஆம் நாள்: மஞ்சள் 94, பச்சை 12
பி.எச். 7.9, 8.4. செக்கி 33. விடிய ஒட்சிசன் 4.2. காரத்தன்மை 108.

55இல பச்சை அசையவே இல்ல, மனம் விட்டுப் போச்சு. மறுகாதான் விழுந்தது.

அகார்த்தட்டு

அப்படித்தான் விழும். சேற்றில் ஏற்கனவே கிடந்த தீன் தீர ஒரு வாரம் எடுக்கும். பழைய தட்டுகளை அகார் பிழையோடு போட்டதால் 48ஐயும் 55ஐயும் நேரே ஒப்பிட வேண்டாம். 55ஐயும் 62ஐயும் ஒப்பிடுங்கள். பச்சை 120 இன்னும் கோட்டுக்கு மேலேதான். அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஒரு தட்டு கூடுதலாகப் போடுங்கள், நடுச் சேற்றருகில் எடுத்த நீர் தனியாக, கலந்த நீர் தனியாக.

வாழைச்சேனை வாடை

அண்டைக்குத் தீன் 8 கிலோ. 11 இல்ல.